லயத்துப் பேய்களின் வழக்கு

மலையகத்திலிருந்து எழுத வரும் இளைஞர் ஒருவர், செத்துப்போன ஒருத்தி காதலுக்காகவும் பழிக்காகவும் திரும்பி வருகிற நாவலொன்றை எழுதப்போவதாகச் சொல்லிப் பார்க்கட்டும். அட்டைக்கடியும் அரைப்பேரும் இருக்கும்போது பேய் எதற்கு என்று கேட்பார்கள். பேய்க்கதை வெள்ளைக்காரன் சரக்கு, கோட்டையிலும் கல்லறையிலும் பிறந்தது, நமக்கு ஒட்டாது என்பார்கள். இன்னும் படித்தவர்கள், தோட்டத்துச் சனங்களை முனிக்கும் மோகினிக்கும் பயந்து நடுங்குகிறவர்களாகவே இத்தனை காலம் காட்டினார்கள், அந்த அவமானத்தை நீயும் எழுத்தில் ஏற்றாதே என்று தோளில் கைபோட்டு அறிவுரை சொல்வார்கள். நம் இலக்கியக் கூட்டங்களில் யாரும் கேள்வி கேட்காமலே இந்தக் கருத்து நிலைத்துவிட்டது. இது தவறு. மலையக நாவலின் கையைக் கட்டிப்போடுகிற தவறு.

இதன் பின்னால் நியாயமான வரலாறு ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு விருப்பமில்லை. தோட்டத்து மனிதர்களைப் பற்றி மற்றவர்கள் கட்டிய கதைகளுக்கு எதிராக, லயத்துக்குள்ளிருந்தே எழுதியவர்கள் யதார்த்தத்தைத்தான் ஆயுதமாகப் பிடித்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். ராமையா, பதுளைக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் இல்லையென்றால் பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும் தமிழ் எழுத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது. செக்ரோல் புத்தகத்தில் வெறும் பேராகக் கிடந்தவர்களுக்கு முகம் கொடுத்த எழுத்து அது. ஆனால் ஒரு தலைமுறை தன் தேவைக்கு எடுத்த கருவியை அடுத்த தலைமுறைக்கு நாம் சட்டமாக்கிவிட்டோம். உயிரோடிருப்பவரின் கூலி, நோய், வேலைநிறுத்தம் எல்லாம் இலக்கியம். செத்தவர் வாய் திறந்தால் அது பிற்போக்கு என்றாகிவிட்டது.

இதே ஆட்கள் மேதின மேடையில் பேசுவதைக் கேளுங்கள். தேயிலைத் தூருக்கு உரமானவர்கள் எங்கள் முன்னோர்கள் என்று தொண்டை கிழிய முழங்குவார்கள். ஒவ்வொரு தூருக்கு அடியிலும் ஒரு பிணம் என்பதைவிடப் பயங்கரமான படிமம் எந்தப் பேய்நாவலில் இருக்கிறது? மேடையில் ஐந்து நிமிடம் அந்தப் பிணங்களை எழுப்பிக் கைதட்டல் வாங்கலாமாம். முந்நூறு பக்கத்துக்கு அவர்களை எழுப்பி உட்கார வைத்துப் பேசவிடக் கூடாதாம்.

வெள்ளைக்காரன் சரக்கு என்கிறார்களே, அந்தச் சரக்கையே எடுத்துப் பார்ப்போம். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ 1847 டிசம்பரில் வெளிவந்தது. கல்லறைக்கு அப்பாலும் தொடரும் காதலுக்கும் பழிக்கும் ஆங்கிலத்தில் அதற்கு மிஞ்சிய நாவலை நான் படித்ததில்லை. அழியாக் காதல் கதை என்று குறிப்பெழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கிக்கொண்டு பலர் அதை மறந்துவிட்டார்கள். அதில் நடப்பது என்ன? லிவர்பூல் தெருவில் பசியோடு கிடந்த, நிறம் கறுத்த, பேச்சு விளங்காத ஒரு பையனை வீட்டுக்காரர் தூக்கி வருகிறார். அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் அந்த லிவர்பூல். அவர் கண் மூடியதும் அந்த வீட்டு மகன் பையனை வேலைக்காரனாக்கி வெளியே விரட்டுகிறான். பையன் உயிராக நேசித்த கேத்தரின், சொத்துள்ள லிண்டனைக் கட்டிக்கொள்கிறாள். காணாமற்போய்ப் பணத்தோடு திரும்பும் அந்தப் பையன் ஹீத்கிளிப் ஒரு வீட்டை அடமானத்தில் பிடிக்கிறான், இன்னொன்றைப் பிள்ளைகளின் கலியாணத்தின் வழியாகத் தன் கைக்குக் கொண்டுவருகிறான். பேய்நாவல் என்று தள்ளி வைக்கிற புத்தகத்தில் பாதிக்கு மேல் காணியும் கடனும் வாரிசுரிமையும்தான்.

அதில் ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பனி கொட்டும் இரவு. வாடகைக்கு வந்த லாக்வுட் பழைய அறையொன்றில் படுத்திருக்கிறான். ஜன்னலில் கொப்பு உரசும் சத்தத்தை நிறுத்தக் கனவில் கையை வெளியே விடுகிறான். குளிர்ந்துபோன சின்னக் கையொன்று அவன் கையைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே விடச்சொல்லி ஒரு பிள்ளைக் குரல் அழுகிறது. இருபது வருடமாக வெளியே அலைகிறதாம். லாக்வுட் அந்த மணிக்கட்டை இழுத்து உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறான், படுக்கை இரத்தத்தில் நனையும்வரை. அந்தப் பக்கத்தைப் படித்து முடித்தால் பயம் யாரைப் பார்த்து வருகிறது? எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்து வரவில்லை. கூரைக்குக் கீழே கதகதப்பாகப் படுத்திருப்பவன் வெளியே நிற்பதன் கையை என்ன செய்யத் துணிகிறான் என்பதைப் பார்த்துத்தான் வந்தது. நாலு தலைமுறையாகக் குடியிருந்த லயக்காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாதவர்களுக்கு, வீட்டுக்கு வெளியே நிற்பது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாவல் நமக்கு ஒட்டாது என்று எந்த வாயால் சொல்கிறார்கள்?

சரக்கு என்ற சொல்லையும் விடுவதற்கில்லை. ஐரோப்பாவில் இந்த வகை நாவலின் பிறப்பை ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’யிலிருந்து, 1764இலிருந்து எண்ணுகிறார்கள். பழையனூர் நீலி அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவள். சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே அவள் கதையின் சாயல் இருக்கிறது. கட்டியவனால் கொல்லப்பட்டவள் அடுத்த பிறவியிலும் அவனை விடாமல் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபைக்கு வந்து, இவன் என் புருஷன் என்று வழக்குச் சொல்கிறாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குப் பிணை நின்று அவளோடு அனுப்பிவைக்கிறார்கள். அவன் கொலையுண்டதும் சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். இதற்கு மேல் என்ன பேய்க்கதை வேண்டும்? சாதி மீறிப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, மாடு மீட்கப் போய் வெட்டுண்ட முத்துப்பட்டன் பாபநாசம் பக்கத்தில் பட்டவராயனாக நிற்கிறான். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் பொம்மியோடும் வெள்ளையம்மாளோடும் நிற்கிறான், கடல் தாண்டி வந்து நம் தோட்டங்களிலும் நிற்கிறான். காதலித்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள் சும்மா போய்விட மாட்டார்கள் என்பது நம் சனங்களின் பழைய தீர்ப்பு. ஐரோப்பியர் அதை நாவலுக்குள் வைத்தார்கள், நாம் கோயிலடியில் வைத்துக் கிடாய் வெட்டினோம்.

தோட்டத்துக்கே உரிய சாட்சி காமன் கூத்து. மாசி மாதம் கம்பம் ஊன்றியதிலிருந்து தப்புச் சத்தம் லயத்தை விட்டுப் போகாது. ரதியும் மதனும் இரவில் வீடு வீடாக ஆடி வருவார்கள். ரதி வேசம் கட்டியிருப்பவர் பகலில் கவ்வாத்துக் கத்தியோ மருந்து டேங்கோ பிடித்த ஆண்தான். கையில் வளையலும் கண்ணில் மையும் ஏறியபின் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. சிவனின் கண் திறந்து காமன் எரிகிற இரவில் ரதி ஒப்பாரி வைக்கும்போது, அந்த வருடம் வீட்டில் சாவு விழுந்த பெண்கள் காம்பரா வாசலில் நின்று அவளோடு சேர்ந்து அழுவார்கள். எரிந்த காமன் ரதியின் மன்றாட்டுக்குப் பிறகு திரும்பி வருகிறான். ஆனால் புராணம் அவனுக்கு உடம்பைத் தரவில்லை. ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், உலகத்தில் வேறு யாருக்கும் தெரிய மாட்டான். செத்த புருஷன், அவளுக்கு மட்டும் தெரிகிற உருவம், அவனைக் கொன்றது எதிர்த்துப் பேச முடியாத அதிகாரம். இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் பல நாள் விழித்திருந்து ஆடிப் பார்க்கிற சமூகத்திடம், காதலும் சாவுக்குப் பிந்திய உறவும் உனக்கு அந்நியம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அப்புத்தளைக்கு வரும் பிரயாணிகளைக் கேட்டால், பேய்நாவலுக்கு ஏற்ற இடம் என்று ஆடிஷாம் பங்களாவைக் காட்டுவார்கள். சேர் தாமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த கருங்கல் மாளிகை. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். மூடுபனிக்குள் பார்த்தால் இங்கிலாந்துக் கிராமத்துப் பிரபு வீடு போலத்தான் தெரியும். ஆனால் கதை அங்கே இல்லை. அப்புத்தளை புனித அந்திரேயார் ஆலயத் தோட்டத்துக்குப் போனால் வால்டர் ஸ்டான்லி சீனியரின் நினைவிடத்தைப் பார்க்கலாம். இலங்கையைப் பாடிய ஆங்கிலக் கவி, 1938இல் இறந்தவர், அவருடைய சாம்பல் இந்த மண்ணில் அடங்கியிருக்கிறது. அவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. யானைகளைக் கொன்று குவித்த மேஜர் ரொஜர்ஸுக்கும் கல் உண்டு. பதுளையை ஆண்ட அந்த அதிகாரி 1845 ஜூனில் இதே அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் புதைத்தார்கள், பதுளையில் அவர் நினைவாகத் தேவாலயம் கட்டினார்கள். புதைத்த பிறகும் அவருடைய கல்லறையில் இடி விழுந்து கல் பிளந்தது, யானைகளின் பழி விடவில்லை என்று சிங்களவரும் தமிழரும் இன்றுவரை சொல்கிறார்கள். யானைக்குப் பழிக்கதை இருக்கிறது. துரைக்குக் கல்லறை இருக்கிறது. தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த காட்டுப்பாதையில் கொலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. தோட்டத்துப் புதைகாட்டில் மண்மேடும் குரோட்டன் செடியும் இருக்கும். பெயர் வெட்டிய கல் அருமை.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் புறப்படுகிற நேரம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தேடுதல் கொஞ்ச நாளில் நின்றது. பலருடைய உடல் அந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இத்தனை பேர்தான் செத்தார்கள் என்று ஒருமித்த கணக்குக்கூட வரவில்லை. யதார்த்த நாவலாசிரியர் இங்கே எதை வைத்து எழுதுவார்? தப்பியவர்களின் முகாம் வாழ்க்கையை எழுதலாம், நிவாரணத்தில் நடந்த இழுபறியை எழுதலாம். இரண்டும் எழுதப்பட வேண்டியவை. மண்ணுக்குள் இருப்பவர் என்ன கேட்கிறார் என்பதை அந்த முறையில் எழுத முடியாது. பதிவேடு முடிகிற இடத்தில் யதார்த்தமும் முடிந்துவிடுகிறது. நம் வரலாற்றில் பதிவேட்டுக்கு வெளியே கிடப்பவர்களே அதிகம் என்றால், அவர்களைப் பேச வைக்கிற வடிவத்தை ஒதுக்கிவிட்டு எதை எழுதப்போகிறோம்?

மூடநம்பிக்கை என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுக்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு முனி அடித்தது என்று தாயத்துக் கட்டியதால் போன உயிர்கள் உண்டு. குடிதண்ணீரின் குற்றத்தைப் பேய் தலையில் போட்டால் தோட்ட நிர்வாகத்துக்கு எவ்வளவு வசதி! அந்த விதமான பேய்க்கதையை நானும் எதிர்க்கிறேன். கடைசி அத்தியாயத்தில் கோடாங்கி வந்து உடுக்கடித்து ஆவியை ஓட்டிவிட, வீட்டுக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கப்போகிற கதை, குற்றம் செய்தவனையும் சேர்த்துத் தூங்க வைக்கிறது. ‘சந்திரமுகி’ படத்தில் டாக்டர் வந்து எல்லாம் மனநோய் என்று முடித்ததும், மன்னன் செய்த கொலை பழைய ஓவியத்தோடு தூசியாகிவிடுகிறது. ஆனால் 2011இல் வந்த ‘காஞ்சனா’வைப் பாருங்கள். அதில் வரும் பேய் கொல்லப்பட்ட திருநங்கை. ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தை அபகரித்தவர்களைத் தேடி வருகிறாள். இலக்கியவாதிகள் ஏறெடுத்துப் பார்க்காத வியாபாரப் படத்துக்குக்கூட, பேய் எதற்காக வரும் என்பது விளங்கியிருக்கிறது. குற்றத்தை மூடி வைக்கும் பேய்க்கதையும் உண்டு, தோண்டி எடுக்கும் பேய்க்கதையும் உண்டு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தடுப்பது நேர்மையான விமர்சனம் ஆகாது.

யதார்த்தம் வேறு, பேய்க்கதை வேறு என்ற பிரிவினையைப் புதுமைப்பித்தன் ஏற்றுக்கொண்டவரா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் நரகத்தைத் தமிழில் முதன்முதலாக உலுக்கிச் சொன்ன கதைகளில் ஒன்று அவருடைய ‘துன்பக்கேணி’. அதை எழுதிய கைதான் ‘காஞ்சனை’யையும் ‘பிரம்மராக்ஷஸ்’ஸையும் எழுதியது. மலையக இலக்கியத்தின் முன்னோடி என்று ‘துன்பக்கேணி’யைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் ‘காஞ்சனை’ பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

உலகத்தில் தோட்டமும் பண்ணையும் மனிதரைத் தின்ற இடங்களிலெல்லாம் நாவல் இந்த வழியில்தான் போயிருக்கிறது. மெக்சிகோவில் ஹுவான் ருல்ஃபோ 1955இல் ‘பெத்ரோ பராமோ’வை எழுதினார்; ஒரு நிலப்பிரபு பட்டினி போட்டுக் கொன்ற ஊரில் செத்தவர்களே குசுகுசுக்கிறார்கள். அமெரிக்காவில் டோனி மொரிசனின் ‘பிலவ்ட்’ 1987இல் வந்தது. அடிமைத்தனத்துக்குத் திரும்பக் கொடுக்க மனமில்லாமல் தாய் தன் கையால் கொன்ற மகள், வளர்ந்த பெண்ணாக வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த நாவலைப் படித்துக் கறுப்பின மக்கள் பேய்க்குப் பயந்தவர்கள் என்று எவரும் முடிவு கட்டவில்லை. நம் நாட்டிலேயே செகான் கருணாதிலகவின் ‘மாலி அல்மெய்தாவின் ஏழு நிலவுகள்’ 2022இல் புக்கர் பரிசு வாங்கியது. கொல்லப்பட்ட புகைப்படக்காரனின் ஆவி பேசுகிற கதை. பழி வாங்கச் சொல்லி ஒருவன் ஒருபக்கம் இழுக்க, உயிரோடிருக்கும் காதலன்மீதும் தோழிமீதும் கொண்ட பாசம் மறுபக்கம் இழுக்கிறது. கொழும்பு ஆவிக்கு உலகம் எழுந்து நின்று கைதட்டுகிறது. அப்புத்தளை ஆவியை மட்டும் நம்மவர்களே வாசலில் மறித்து நிற்கிறார்கள்.

சாவைத் தாண்டும் அந்தக் காதல் நமக்கு எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள், 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பங்கு போடுவதாக விட்டுவைத்தார்கள். ஒரே லயத்தின் இந்தத் தொங்கலில் இந்தியப் பாஸ்போர்ட், அந்தத் தொங்கலில் இலங்கைப் பிரஜாவுரிமை. சேர்ந்து கொழுந்தெடுத்தவர்கள், கலியாணம் பேசி முடித்தவர்கள், பேசாமலே மனதில் வைத்திருந்தவர்கள் கோச்சி மேடையில் கட்டிப்பிடித்து அழுது பிரிந்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போனது; 1984இல் அதுவும் நின்றது. பிரிந்த இருவரில் ஒருத்தி நீலகிரியில் செத்து, மண்டபம் முகாமையும் கடலையும் திரும்ப நடந்து தாண்டி, தன் காம்பரா வாசலில் வந்து நின்றால் அதை நம்ப முடியாதா? அவளைப் போகச்சொன்ன கையெழுத்துகளை நம்பினோமே!

கடைசியாக, பழிவாங்கும் கதை பழியை வளர்க்கும் என்பார்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25ஆம் திகதி இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கூட்டம் புகுந்து கொன்றது. பொலிஸார் அங்கேயே நின்றார்கள். 2003இல் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது; 2005இல் உச்ச நீதிமன்றம் எஞ்சியிருந்தவர்களையும் விடுதலை செய்தது. இன்றைக்கு அந்தக் கொலைகளுக்குக் குற்றவாளி என்று எவரும் இல்லை. இந்த மாகாணத்தில் பழியைப் பற்றி நாவல் எழுதக் கூடாது என்றால் வேறெங்கே எழுதுவது? பழியைப் பற்றி எழுதுவது பழிக்கு ஆள் சேர்ப்பது ஆகாது. ஹீத்கிளிப் எல்லாச் சொத்தையும் பிடித்து முடித்த பிறகு, அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் இருவர் தலையோடு தலை வைத்துப் படிப்பதைப் பார்த்து, இனிக் கையை ஓங்கவும் மனமில்லை என்கிறான். நீலியின் பழி கொன்றவனோடு நிற்கவில்லை, பிணை நின்ற எழுபது பேரையும் எரித்தது. அதை மறைக்காமல் சொன்னதால்தான் அந்தக் கதை இன்னும் உறுத்துகிறது. பழி எதுவரை நியாயம், எங்கே போய் யாரைச் சுடும் என்று இவ்வளவு துல்லியமாக விசாரிக்கிற வேறு இலக்கிய வடிவம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பழையனூர் நீலியைச் சமண ஆசிரியர் ஒருவர் பிற்பாடு கையில் எடுத்தார். அவளை ஓட்டவில்லை, கட்டி வைக்கவில்லை. ‘நீலகேசி’ என்ற காப்பியத்தின் தலைவியாக்கி, பிற சமயத்தாரின் சபைகளுக்கு அனுப்பி வாதம் செய்ய வைத்தார். மலையகப் பேயும் அப்படிச் சபைக்கு வரட்டும். 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்த பிறகும் எங்களை ஏன் அந்தச் சரிவிலேயே விட்டீர்கள் என்று கேட்கட்டும். என் பேரை எந்தப் பதிவேட்டில் எழுதினீர்கள், நான் குடியிருந்த பத்தடிக் காம்பரா இப்போது யார் பேரில் இருக்கிறது, என்னோடு வாழ வேண்டியவனை எந்தக் கப்பலில் ஏற்றினீர்கள் என்று கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.